குழந்தை வந்து நின்றால்தான் மணி தெரியும்

அடுக்ககத்தின் பின்புறத் தோட்டமானாலும் சரி, தெருக்காரர்கள் சேர்ந்து பராமரிக்கும் பூங்காப் பாத்தியானாலும் சரி, பள்ளிக் காய்கறித் தோட்டமானாலும் சரி, 'குழந்தைகள் மூலை' என்று ஒதுக்கிய இடத்தில் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: சுவரில் கார்ட்டூன் உருவங்கள், சிமெண்டுக் காளான், வண்ணமடித்த பழைய டயர். திறப்பு விழாப் படத்துக்கு நன்றாக இருக்கும். சில வாரங்களில் பிள்ளைகள் அதையெல்லாம் தாண்டிக் குழாயடிச் சேற்றுக்குப் போய்விடுவார்கள். சேறு பதில் சொல்கிறது. அழுத்தினால் அமுங்கும், தண்ணீர் விட்டால் ஓடும், காய்ந்தால் வெடிக்கும். சுவரில் இருக்கும் கரடி நேற்றும் அப்படியே இருந்தது, நாளையும் அப்படியே இருக்கும்.

இதைக் கொள்கையாகவே எழுதிவைத்தவர் சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர். ஓர் இடத்தில் எத்தனை உதிரிப் பொருள்கள், எத்தனை வகையில் மாற்றக்கூடியவை இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் அங்கே கண்டுபிடிப்பும் கற்பனையும் நடக்கும் என்று 1971-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அதற்கும் முன்பே டென்மார்க்கின் நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சன், தான் வடிவமைத்த விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் மனைகளில்தான் பிள்ளைகள் மும்முரமாக இருப்பதைக் கவனித்தார். 1943-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், கோபன்ஹேகனை ஒட்டிய எம்டுருப்பில் பலகையும் கயிறும் செங்கல்லுமாக ஒரு திடல் அவருடைய யோசனைப்படி திறக்கப்பட்டது. பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவிய சாகசத் திடல்களுக்கு அதுவே முன்னோடி.

தோட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. வெயில், மழை, மண், இலை எல்லாம் அங்கே தாமாகவே மாறிக்கொண்டிருக்கின்றன. எனவே ஒரு தோட்டத்துக் கலைப்பொருளைத் தேர்ந்தெடுக்க இரண்டே கேள்விகள் போதும். குழந்தை ஏதாவது செய்தால்தான் அது முழுமையாகிறதா? அதற்கான பதில் தோட்டத்திலிருந்தே வருகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்று வருவதற்கு ஆள்நிழல் கடிகாரத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். தமிழ்நாட்டில் அதைப் பிழையாகப் போட்டுவிடுவதும் எளிது.

ஆள்நிழல் கடிகாரத்தில் நட்டுவைத்த கம்பம் கிடையாது. தரையில் நீள்வட்டமாக மணிக் குறிகள் இருக்கும். நடுவில் வடக்கு தெற்காக ஒரு தேதிக்கோடு. அன்றைய தேதியில் குழந்தை போய் நின்றால் அதன் நிழல் மணியைக் காட்டும். ஆள் இல்லையென்றால் கடிகாரமும் இல்லை.

இதற்கான வரைபடங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அவற்றில் பல ஐரோப்பா, வட அமெரிக்க ஊர்களுக்குக் கணக்கிட்டவை. நீள்வட்டத்தின் அகலம் ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. மையத்திலிருந்து கிழக்கே 1.5 மீட்டர், மேற்கே 1.5 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், லண்டனில் 12 மணிக் குறி மையத்துக்கு 117 செ.மீ. வடக்கே விழும், தேதிக்கோடு இரு பக்கமும் 40 செ.மீ. நீளும். சென்னையில் 12 மணிக் குறி 34 செ.மீ. வடக்கேதான். தேதிக்கோடோ 63 செ.மீ. வரை போகும். நம் ஊர்க் கடிகாரம் நீள்வட்டம் என்பதைவிடத் தட்டையான ஒரு பட்டை. அதை வெட்டிக்கொண்டு வெளியே நீளும் தேதிக்கோடு. கொத்தனார் வரைபடத்தைப் பார்த்ததுமே தப்பு என்பார். தப்பில்லை.

சென்னைக்கான அளவுகள், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்றபடி: கிழக்கு மேற்குக் கோட்டின் இரு முனையிலும் 6 மணிக் குறிகள், மையத்திலிருந்து 150 செ.மீ. தள்ளி. காலை நிழல் மேற்கே விழும் என்பதால் காலை மணிகள் மேற்குப் பக்கம், மாலை மணிகள் கிழக்குப் பக்கம். காலை 7, மாலை 5: மையத்திலிருந்து 145 செ.மீ. பக்கவாட்டில், 9 செ.மீ. வடக்கே. 8, 4: பக்கவாட்டில் 130, வடக்கே 17. 9, 3: 106, 24. 10, 2: 75, 29. 11, 1: 39, 33. நண்பகல் 12: நேர் வடக்கே 34. தேதிக்கோட்டில் மார்ச் 21, செப்டம்பர் 23 மையத்திலேயே இருக்கும். ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 இரண்டும் 30 செ.மீ. வடக்கே. மே 21, ஜூலை 23 இரண்டும் 53 செ.மீ. ஜூன் 21 கோட்டின் வடக்கு முனையில், 63 செ.மீ. தெற்குப் பக்கமும் இதே கணக்குதான்: பிப்ரவரி 19, அக்டோபர் 23 ஆகியவை 30, ஜனவரி 20, நவம்பர் 22 ஆகியவை 53, டிசம்பர் 21 தெற்கு முனையில் 63.

வேறு ஊரில் போடுவதானால் தேதிக்கோட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தமிழகத்துக்குள் அது ஒரு செ.மீ. அளவுக்குத்தான் மாறும். 'வடக்கே' என்று சொன்ன மணிக்குறி அளவுகள் மட்டும் மாறும். நண்பகல் குறி கோவையில் 29 செ.மீ., மதுரையில் 26, யாழ்ப்பாணத்தில் 25, கன்னியாகுமரியில் 21. மற்ற மணிகளையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தட்டையான வடிவம் ஒரு விசேஷத்தைக் கொண்டுவருகிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்தத் தேதிகளில் குழந்தை நிற்க வேண்டிய இடமும் 12 மணிக் குறியும் ஒன்றாகிவிடும். நண்பகலில் நிழலே காலடியில் ஒடுங்கிவிடுவதால், காட்டுவதற்குத் திசையும் இருக்காது. இந்த இரு நாட்களுக்கும் இடையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். பிள்ளையின் நிழல் தெற்கே விழும். ஜூனில் 12 மணிக் குறிக்கும் வடக்கே போய் நிற்கச் சொல்வதன் காரணம் இதுதான். லண்டன் பிள்ளைக்குக் கிடைக்காத பாடம் இது. அங்கே நண்பகல் நிழல் வருடம் முழுக்க வடக்கேதான். ஆனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 11 மணியிலிருந்து 1 மணி வரை கடிகாரத்தை நம்ப முடியாது. நிழல் குட்டையாக இருக்கும், சில நிமிடங்களிலேயே மேற்கிலிருந்து கிழக்குக்குத் தாவிவிடும். அந்த நேரத்தில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தவும் கூடாது என்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

அளவை 1.5 மீட்டரில் நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. மார்ச் மாதம் காலை 10 மணிக்கு 120 செ.மீ. உயரமுள்ள பிள்ளையின் நிழல் ஏறக்குறைய 76 செ.மீ. கையை உயர்த்திக் கும்பிட்டு நின்றால் 95 வரை வரும். 10 மணிக் குறி 80 செ.மீ. தூரத்தில் இருப்பதால் விரல்நுனி நிழல் அதைத் தொடும். இதையே 3 மீட்டருக்குப் பிரம்மாண்டமாகப் போட்டால் நிழல் பாதி வழியிலேயே நின்றுவிடும். மணியை ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். மொத்தத்தில் 3 மீட்டருக்கு 1.3 மீட்டர் இடம் போதும். தெற்கே கட்டடம் இருந்தால் டிசம்பரைக் கணக்கில் வைக்க வேண்டும். அப்போது நண்பகலிலேயே 6 மீட்டர் சுவரின் நிழல் நாலரை மீட்டருக்கு நீளும்.

திசைக்குக் கைப்பேசியை நம்பக் கூடாது. தளத்துக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி அதன் காந்தமுள்ளை இழுத்துவிடும். பழைய முறை இதைவிடச் சரியானது. சமதரையில் 50 செ.மீ. கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி 50 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழல்நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, மாலையில் வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. சிற்பிகள் கோயில் மனைக்குச் சங்கு எனும் நிழற்கம்பு நட்டுத் திசை காணும் முறை இதுவே. நெடுநல்வாடையிலும் அரண்மனை மனை வகுக்கும்போது இரு கோல்களின் நிழலைப் பார்த்துக் கயிறு பிடிக்கிறார்கள். இந்த வேலையைப் பெரியவர்கள் முந்திய நாளே முடித்துவைத்துவிடாமல் பிள்ளைகளிடம் விடுவது நல்லது. கடிகாரத்தைவிட இதில்தான் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

சிமெண்டுக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் கோலமாவில் போட்டுப் பாருங்கள். மரநிழல் எங்கே விழுகிறது, யார் எந்த வழியாக ஓடுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு 20 செ.மீ. சதுரக் கற்கள் 13, தேதிக்கோட்டுக்கு ஒரு நீளப் பலகைக்கல். ரசமட்டம் வைத்துத் தரையோடு தரையாகப் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் தடுக்கும். மலிவு என்று கறுத்த கடப்பைக்கல்லை வாங்கினால் பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. வெளிர் நிறக் கல்லோ சொரசொரப்பான சிமெண்டு வில்லையோ நல்லது.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டதும் பிள்ளைகள் 'தப்பாகக் காட்டுகிறது' என்பார்கள். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சராசரியாக 9 நிமிடம் பின்தங்கும். கோவையில் 22 நிமிடம். இதோடு பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்துகொள்ள, சென்னையின் உண்மையான நண்பகல் பிப்ரவரி நடுவில் 12.23-க்கும் நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கும் வரும். பத்து வயதுக்கு மேல் உள்ளவர்கள் வாரம் ஒருமுறை இந்த வித்தியாசத்தை எழுதிவைத்தால் வருடக் கடைசியில் ஒரு வளைகோடு கிடைக்கும். சிறியவர்களுக்கு அது வேண்டாம். 'அடுத்த மணிக்கு நிழல் எங்கே இருக்கும், ஒரு கூழாங்கல் வை பார்ப்போம்' என்பதே அவர்களுக்குப் போதும்.

வெயிலை வைத்தே செய்யும் இன்னொரு வேலை மஞ்சள் அச்சு. தாவரச் சாயம் வெயிலில் வெளுப்பதைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் எழுதினார். அவர் பூச்சாறுகளை வைத்துச் செய்தபோது ஒரு படத்துக்கு நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆனது. மஞ்சள் அப்படியல்ல, நம் வெயிலில் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வெளுத்துவிடும். காலையில் வைத்ததை மதியச் சாப்பாட்டுக்கு முன் எடுக்கலாம் என்பதால் பிள்ளைகளின் பொறுமைக்கும் ஒத்துவரும்.

100 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூள். மூடிய பாட்டிலில் குலுக்கிக் கால்மணி நேரம் வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். தண்ணீரில் கரைத்தால் வராது, மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் அநேகமாகக் கரையவே கரையாது. தூள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிட் தீப்பற்றும், ஆகவே கலக்குவது பெரியவர் வேலை, அடுப்போ பீடியோ அருகில் இருக்கக் கூடாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் (200 ஜிஎஸ்எம்) தடிமனுள்ள ஓவியத்தாளில் பஞ்சால் ஒரே திசையில் பூசி, நிழலில் பத்து நிமிடம் காயவிட்டு, குறுக்கே இன்னொரு பூச்சு. ஏ5 அளவில் பத்துப் பன்னிரண்டு தாளுக்கு இது வரும். சாதாரண ஏ4 தாள் ஊறிச் சுருங்கும், சுருக்கத்தில் இலை ஒட்டி உட்காராது.

தாள்மேல் இலை, இலைமேல் கண்ணாடி, நான்கு பக்கமும் கிளிப். பிள்ளைகள் கைக்கு 3 மி.மீ. அக்ரிலிக் தகடு பத்திரம். புற ஊதாக் கதிரை அது ஓரளவு தடுத்தாலும் கவலையில்லை, மஞ்சளை வெளுக்கவைப்பது பெரும்பாலும் நீல ஒளிதான். இலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் படம் கெடுகிறது. பறித்த உடனே வைத்தால் வெயிலில் ஈரம் ஆவியாகித் தகட்டின் உட்புறம் படியும், படம் கலங்கிவிடும். ஒருநாள் செய்தித்தாளுக்கு இடையில் அழுத்திவைத்த இலையே வேண்டும். முருங்கை, கறிவேப்பிலை, வேம்பு, பெரணி அழகாக விழும். தடித்த நரம்புள்ள பப்பாளி இலை தாளைவிட்டு எழும்பி நிற்பதால் ஓரம் மங்கும்.

திறந்த இடம் வெளிறிய மஞ்சளாக, கிட்டத்தட்டத் தாள் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடலாம். இலை மறைத்த இடத்தில் மட்டும் மஞ்சள் இருக்கும். அடுத்து நடப்பது ஆரத்தித் தட்டில் பார்த்ததுதான்: மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவக்கும். ஒரு தட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்துத் தாளை முக்கினால் இலை வடிவம் ஆரஞ்சாகத் திரும்பும். சலவை சோடா இன்னும் அடர்த்தியான செம்பழுப்பு தரும், ஆனால் கையுறை வேண்டும். சுண்ணாம்புத் தெளிவுதான் நல்ல சிவப்பு. அது கண்ணில் தெறித்தால் ஆபத்து என்பதால் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. எதில் முக்கினாலும் அரை நிமிடத்துக்கு மேல் விடாமல் உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காரத்தில் மஞ்சளின் நிறப்பொருள் விரைவாகச் சிதையும், ஊறவிட்டால் படமே கரைந்துபோகும்.

படம் விழாமல் போனால் முதலில் தூளைச் சந்தேகப்படுங்கள். கடைத்தூளில் கலப்படச் சாயம் இருந்தால் அது வெயிலில் வெளுக்காது. ஈயக் குரோமேட் கலந்த தூள் பிள்ளைகள் தொடவே கூடாதது. விரலி மஞ்சள் வாங்கி அரைப்பது நல்லது. கஸ்தூரி மஞ்சள் மணக்கும், ஆனால் நிறப்பொருள் குறைவு. படம் சோகை பிடித்தாற்போல் வரும். முடிந்த படங்களைத் தோட்டத்துச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். எந்த வெயில் படத்தை எழுதியதோ அதுவே அழித்துவிடும். நோட்டுக்குள் ஒட்டி மூடிவைப்பதுதான் வழி.

பேச்சுக்குழாய்க்கு இவ்வளவு நுணுக்கம் கிடையாது, ஆனால் கூட்டம் அங்கேதான் சேரும். 63 மி.மீ. பிவிசி குழாய் 10 அல்லது 12 மீட்டர், ஓரடி ஆழப் பள்ளத்தில். இரு முனையும் தரைக்கு மேல் 90 செ.மீ. உயரத்தில், வாய்க்குப் புனல். இங்கே கிசுகிசுத்தால் அங்கே காதோடு கேட்கும்; ஒலி நாலாபுறமும் பரவி வீணாகாமல் குழாய்க்குள்ளேயே போகிறது. திருப்பங்களில் 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகையில் இரண்டு போட்டால் உள்ளே தூசி தங்காது, சுத்தம் செய்யக் கம்பி விடலாம். முதல் மழையிலேயே ஊமையாகிவிடும் குழாய்கள் உண்டு. தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி அடைத்துக்கொள்வதுதான் காரணம். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு கொடுத்து, தாழ்ந்த புள்ளியில் கீழ்ப்பக்கம் 5 மி.மீ. துளை இரண்டு இட்டு, அடியில் ஒரு கூடை ஜல்லி கொட்டிவிட வேண்டும். இரு வாயிலும் கொசுவலை கட்டாயம். இல்லையென்றால் குளவி கூடு கட்டும், பிள்ளைகள் கூழாங்கல்லை நிரப்புவார்கள், தவளையைத் தேடிப் பாம்பும் வரலாம்.

உதிரிப் பொருள்களுக்குக் கடைக்குப் போக வேண்டாம். கொட்டாங்குச்சி, பாளை, பனங்கொட்டை, மூங்கில் துண்டு, பழைய செங்கல், ஒரு வாளி மணல். இவற்றை அடுக்கி அழகுபடுத்தி வைக்காமல் குவித்துவிடுவதே மேல். தரையில் பல்லாங்குழி போட விரும்பினால் வரிசைக்கு ஏழாக 14 குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வடிகால் துளை. ஆடுவதற்குப் புளியங்கொட்டையே நல்லது. குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் மென்றாலோ ஓடு உடைந்து உள்ளே போனாலோ உயிருக்கே ஆபத்து. தோட்டத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடும் முன் குன்றிமணிக்கொடி, ஊமத்தை, ஆமணக்கு, அரளி எங்கே இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்து அகற்ற வேண்டும். எருக்கம்பால் கண்ணில் படுவதும் மோசம். பூங்காக்காரர்களுக்கு அரளி செல்லப்பிள்ளை. ஆடு மாடு மேயாது, தண்ணீர் கேட்காது. அகற்றச் சொன்னால் சண்டை வரும். வரட்டும்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு துளை போட்டாலும் அதன் உள்விளிம்பில் தண்ணீர் நிற்கும். டெங்குக் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். மண்ணில் பாதி புதைத்து, உள்ளே மண் நிரப்பினால் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்ய முடியாவிட்டால் வேண்டாம். கொட்டாங்குச்சிகளையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முடிவாகாத தோட்டத்தில் உதிரிப் பொருள்களைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வடகிழக்குப் பருவமழையில் கடிகாரமும் மஞ்சள் அச்சும் ஓய்ந்துவிடும். அந்த மாதங்கள் மண்வண்ணத்துக்கு. செம்மண், கரிசல், வண்டல், மரக்கரி ஆகியவற்றைத் தனித்தனியே டீ வடிகட்டியில் சலித்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு ஆறிய சோற்றுக்கஞ்சி சேர்த்தால் சுவரில் பிடிக்கும். அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும், மறுநாள் நாறும். கூரையில்லாத சுவரில் அடுத்த மழையிலேயே கரைந்து பாத்திக்கே திரும்பிவிடும் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இடித்த பழைய வீட்டின் அடியிலிருந்தோ உரிந்த பெயிண்ட் விழுந்த சுவரோரத்திலிருந்தோ மட்டும் மண் எடுக்கக் கூடாது. பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். கடிகாரக் கல்லில் எண் எழுத டப்பா வாங்கும்போதும் அந்த அளவு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கால் பட்டுத் தேயும் எண்களை மழை ஓய்ந்தபின், தை பிறப்பதற்குள், ஒருமுறை புதுப்பித்துவிட்டால் அடுத்த மழை வரை தாங்கும்.